நான்கு வெற்றுக் கட்டங்கள்

முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றின் நான்காம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறு நெடுவரிசைகள், 48 கிடைவரிசைகள். ஆக, 288 கட்டங்கள். அவற்றுள் 284 கட்டங்களில் எண்கள் உள்ளன. சில இடங்களில் அந்த எண் பூஜ்யம். எஞ்சிய நான்கிலும் ஒரு சிறு கோடு மட்டுமே இடப்பட்டிருக்கிறது. அட்டவணையின் அடியில் அதற்கு மூன்று வரிக் குறிப்பு. அந்த நான்கு கோடுகளை இடுவதற்கு ஓர் ஆய்வு மாணவிக்கு ஐந்து மாதங்கள் தேவைப்பட்டன. ஆய்வைத் தொடங்கும் நிலையிலுள்ள மாணவர்களுக்கும் அவர்களை நெறிப்படுத்துவோருக்கும் அந்த ஐந்து மாதங்களின் கதை பயன்படக்கூடும்.

களம், டேராடூன் பள்ளத்தாக்கின் சால் காடுகள். தமிழில் குங்கிலிய மரம் எனப்படும் சால், இமயமலை அடிவாரம் நெடுகிலும் பெருங்காடுகளாக நிற்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இலை மாற்றிப் பூக்கும். ஜூன் மாதத்தில் சிறகுடைய விதைகளை உதிர்க்கும். அவ்விதைகள் ஏறத்தாழ ஒரு வாரமே முளைக்கும் ஆற்றலுடன் இருப்பதால், அதற்குள் மழை வந்தாக வேண்டும். பள்ளத்தாக்கின் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. அதில் பெரும்பங்கு ஜூன் இறுதிக்கும் செப்டம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். குளிர்காலத்தில் திறந்த நிலங்களில் உறைபனி படிந்து இளம் சால் கன்றுகள் கருகும். மே மாதத்திலோ காலடியில் சருகு நொறுங்கும்.

மாணவியின் வினா இதுதான்: ஒரே பள்ளத்தாக்கில் ஒரே மழையில் நனையும் காடுகள் வயதால் மட்டும் வேறுபடுமாயின், அவற்றில் வாழும் சிற்றீக்களின் நடமாட்டப் பருவமும் வேறுபடுமா? இவ்வினாவுக்காக ஆறு இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டு, ஏழாண்டு வயதுடைய நடவுக் காடுகள். இரண்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்டு அடிமரத்திலிருந்து மறுதளிர்த்தவை. இரண்டு, முற்றாக வெட்டப்பட்டதற்கான குறிப்பே வனத்துறைப் பதிவேடுகளில் காணப்படாத முதிர்ந்த காடுகள்.

காட்டின் வயது என்பது கேட்பதற்கு எளிய சொல், அளப்பதற்கு அரியது. தேக்கின் வளையங்களை எண்ணுவதுபோல் சால் மரத்தின் வளையங்களை எண்ணிவிட முடியாது; அவை தெளிவாக அமைவதில்லை. மேலும், சால் நாற்றின் தண்டு பல ஆண்டுகள் வறட்சியிலும் பனியிலும் மடிந்து மடிந்து மீண்டும் துளிர்க்கும். வேர் மட்டும் மண்ணுக்குள் தடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் தண்டு நிலைத்து மேலெழும்போது அதன் வயது ஒன்றா, பத்தா என்பதை மரத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே காட்டின் வயது என்று ஆய்வேடுகளில் எழுதப்படுவது, பெரும்பாலும் என்றோ ஒரு வன அலுவலர் கோப்பில் குறித்து வைத்த ஆண்டுதான். முகம் அறியாத ஒருவர் எழுதிய குறிப்பை நம்பியே ஆய்வு தொடங்குகிறது. இதை அந்த மாணவி முதலாண்டில் பெரிதாக எண்ணவில்லை.

அவள் தேர்ந்துகொண்ட ஈக்கள் ஃபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. முதுகு கூன்விட்டிருக்கும். தொந்தரவு நேர்ந்தால் உடனே பறக்காமல், இலைமீது விட்டுவிட்டு ஓடும். அந்த ஓட்டத்தைக் கொண்டே அவற்றை அடையாளம் காணலாம். உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 4,000-க்கும் மேல். மெகாசீலியா என்னும் ஒரே பேரினத்தில் மட்டும் 1,400-க்கும் மேல். தாய்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு 2012-இல் விவரிக்கப்பட்ட ஒரு ஃபோரிட் ஈயின் நீளம் 0.4 மில்லிமீட்டர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வீட்டுத் தோட்டங்களில் பொறி வைத்துத் தேடியபோது, 2015-இல் ஒரே கட்டுரையில் முப்பது புதிய மெகாசீலியா இனங்கள் வெளிவந்தன. ஒரு மாநகரின் புழக்கடையிலேயே இந்நிலை என்றால், ஒரு சால் காட்டில் பெயரற்றவை எத்தனை இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவற்றின் வாழ்வும் பலவகைப்பட்டது. சில அழுகும் விலங்குடலில் வளர்கின்றன; புதைக்கப்பட்ட உடலைத் தேடி மண்ணுக்குள் இறங்கும் இனமும் உண்டு. சில காளானுக்குள் வளர்கின்றன. சில எறும்பின் தலைக்குள் முட்டையிடுகின்றன. சில கறையான் புற்றில் குடியிருக்கின்றன. எனினும் ஆய்வுக் குழுவின் முதற்கூட்டத்தில், "இதனால் என்ன பயன்?" என்ற வினா எழவே செய்தது. அவ்வினாவிலும் நியாயம் இல்லாமல் இல்லை. டேராடூன் வன ஆராய்ச்சியின் வரலாற்றில் பூச்சி என்றாலே மரத்தைக் கொல்லும் பூச்சிதான். அங்குப் பணியாற்றிய சி. எஃப். சி. பீசன் 1941-இல் வெளியிட்ட பெருநூலின் பொருளும் இந்தியக் காட்டுப் பூச்சிகளின் சூழலும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளுமே. முதல் மழையோடு வெளிப்படும் சால் துளைப்பான் வண்டை அறியாத வனக் காவலர் இல்லை. மரத்தையும் கொல்லாமல் மனிதரையும் கடிக்காமல், செத்ததை மண்ணாக்கும் வேலையில் பங்கு கொண்டு மறையும் ஒன்றை யார் எண்ணப் போகிறார்கள்? எண்ணப்படாமல் இருப்பதே எண்ணுவதற்குப் போதிய காரணம் என்று அவள் விடையளித்தாள். குழு அதை ஏற்றதா, களைத்துப்போய் விட்டுவிட்டதா என்பது தெளிவில்லை.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு மலேஸ் பொறி. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ், தம் கூடாரத்துக்குள் புகுந்த பூச்சிகள் மேல்நோக்கி ஏறி உச்சியில் திரள்வதைக் கண்டு இதை உருவாக்கினார். 1934-இல் பர்மாவில் பயன்படுத்தி, 1937-இல் கட்டுரையாக வெளியிட்டார். வலைத்துணியாலான சிறு கூடாரம்; உச்சியில் எத்தனால் நிரம்பிய குப்பி. பூச்சி மோதும், ஏறும், விழும். மாதம் இருமுறை குப்பியை மாற்ற வேண்டும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். மை எத்தனாலில் கரைந்துவிடும். இவ்வாறு இரண்டு ஆண்டுகளில் 48 சுற்றுகள், ஆறு இடங்கள், 288 குப்பிகள்.

இப்பொறி அளப்பது எதை என்பதில்தான் நுட்பம் உள்ளது. அது காட்டில் இருக்கும் ஈக்களை எண்ணுவதில்லை. பறந்து வந்து மோதிய ஈக்களையே எண்ணுகிறது. குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் ஈயும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் காத்திருக்கும் ஈயும் அதன் கணக்கில் வாரா. எனவே ஜனவரி மாதக் குப்பியில் ஒன்றுமே இல்லை என்றால், காட்டில் ஈ இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. ஈ நடமாடவில்லை என்று மட்டுமே கொள்ளலாம். இவ்வகை ஆய்வுகளின் தலைப்பில் எண்ணிக்கை என்னாமல் நடமாட்டம் என்று எழுதப்படுவதன் காரணமும் இதுவே. ஆயினும் அந்தப் பூஜ்யம் மதிப்புடையது. பொறி நின்றது, குப்பி திறந்திருந்தது, எதுவும் வரவில்லை: அது ஒரு செய்தி.

முதலாண்டின் முடிவில் ஓர் ஒழுங்கு தென்படத் தொடங்கியது. இளங்காட்டில் முதல் மழை விழுந்த இரு வாரங்களில் குப்பிகள் நிரம்பின. உடலால் மிகச் சிறிய, அழுகியதை உண்டு விரைந்து பெருகும் வகைகள் அவை. செப்டம்பர் கழிந்ததும் அதே வேகத்தில் மறைந்தன. உறைபனிக் காலத்திலும் மே வெயிலிலும் பூஜ்யங்கள். முதிர்ந்த காட்டில் எல்லாம் மெல்ல நடந்தது. ஜூலையில் குப்பிகள் ஏறக்குறைய வெறுமை. மழை நின்று நின்று பெய்து, விழுந்த மரங்களிலும் சருகிலும் காளான்கள் எழுந்து அவை அழுகத் தொடங்கும் ஆகஸ்டு இறுதியில்தான் சற்றே பெரிய வகைகள் வந்தன. அவற்றுள் ஒரு வகையை அழுகிய காளானிலிருந்து அவளே ஆய்வகத்தில் வளர்த்தெடுத்திருந்தாள். பெயர் தெரியாததால் 'மெ-11' என்று எண் இட்டாள். மேல்விதானத்தின் நிழலும் சருகின் ஈரமும் காத்ததனால் நவம்பர் வரையிலும் முதிர்ந்த காட்டில் நடமாட்டம் நீடித்தது. நாற்பதாண்டுக் காடு இரண்டுக்கும் இடையில் நின்றது.

இத்தகைய வேறுபாடு உலகில் வேறிடத்தும் காணப்பட்டதுதான். போலந்தின் பைன் காடுகளில் ஃபோரிட் ஈக்களை நெடுங்காலம் ஆராய்ந்த எவா துர்ஸ்கா, வெட்டப்பட்டு மறுநடவு செய்யப்பட்ட நிலங்களில் அழுகுபொருள் உண்ணும் சிற்றுடல் இனங்கள் மிகுவதையும், முதிர்ந்த காட்டில் காளான் உண்ணும் இனங்கள் முன்னிற்பதையும் எழுதியிருக்கிறார். 2002 ஜூலையில் பீஷ் காட்டைப் புயல் சாய்த்த பின்னர் அங்கு வாழ்ந்த ஈக்களும், மனிதர் வெட்டிய நிலத்து ஈக்களை ஒத்திருந்தன. பனி நாட்டுப் பைன் காட்டில் கண்டது, பருவமழை நாட்டுச் சால் காட்டிலும் தோன்றுகிறது என்பது ஓர் இளம் ஆய்வாளருக்கு எத்தகைய உவகையைத் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டும் அதையே காட்டினால் போதும். குறிப்பாக ஜூலை. இளங்காடு பொங்கி வழிய, முதிர்ந்த காடு இன்னும் விழிக்காதிருக்கும் மாதம் அது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உச்சத்தைத் தொடும் மாதம்.

இரண்டாம் ஆண்டின் ஜூலை தொடங்குமுன் மாணவியின் தாயாருக்கு அறுவை சிகிச்சை. அவள் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. பொறுப்பைக் கள உதவியாளரிடம் ஒப்படைத்தாள். அவர் வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைக் காற்றிலேயே அறிபவர். அவளைப் 'பிட்டியா' என்றுதான் அழைப்பார். அவள் அவரைச் 'சாச்சாஜி' என்பாள். ஒன்றரை ஆண்டுகளாகக் குப்பி மாற்றும் வேலையை உடனிருந்து செய்தவர். எழுத்து திருத்தமானது. அவளுடைய உதவித்தொகையிலிருந்து அவருக்குக் கூலி, குப்பிக்கு இவ்வளவு என்ற கணக்கில் வழங்கப்பட்டது. புறப்படும்போது அவள் சொன்னாள்: "சாச்சாஜி, ஒரு குப்பிகூடத் தவறக் கூடாது."

ஆகஸ்டில் திரும்பியபோது பன்னிரண்டு குப்பிகளும் சீட்டுகளோடு அலமாரியில் வரிசையாக இருந்தன. அவள் நெஞ்சு நிறைந்து நன்றி கூறினாள். முதியவர் தலையை அசைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

குப்பிகளைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் வேலை எப்போதும் மாதக்கணக்கில் பின்தங்கியே நடக்கும். ஜூலைக் குப்பிகளின் முறை டிசம்பரில் வந்தது. முதிர்ந்த காட்டின் முதற்குப்பியைத் திறந்தபோதே ஏதோ ஒன்று உறுத்தியது. ஏறக்குறைய வெறுமையாக இருக்க வேண்டிய குப்பி நிரம்பி வழிந்தது. மிகச் சிறியவை, இளங்காட்டில் அவள் ஆயிரம் முறை கண்டு பழகிய அதே வகைகள். கூடவே புல்வெளித் தத்துப்பூச்சிகள். காளான் சார்ந்த வகை ஒன்றுகூட இல்லை. நான்கு குப்பிகளும் அப்படியே. இவை முதிர்ந்த காட்டிலிருந்து வந்தவை அல்ல என்று அவள் மனம் உடனே தீர்ப்பளித்தது.

அன்றிரவு அத்தீர்ப்பே அவளை அச்சுறுத்தியது. எதை வைத்து அவ்வாறு முடிவு செய்கிறாள்? குப்பியிலுள்ள ஈக்களை வைத்து. முதிர்ந்த காட்டில் ஜூலையில் இவ்வகை ஈக்கள் நடமாடா என்பது யாருடைய கூற்று? அவளுடைய கூற்று, அதுவும் ஒரே ஓர் ஆண்டின் தரவைக் கொண்டு. அதைச் சோதிப்பதற்காகவே இரண்டாம் ஆண்டின் குப்பிகள் வைக்கப்பட்டன. சோதனை மறுத்துச் சொன்னால் சோதனையையே தள்ளிவிடுவதா? இரண்டாம் ஆண்டில் மழை முன்னதாக வந்திருக்கலாம். பெருமரம் ஒன்று சாய்ந்து விதானத்தில் வாயில் திறந்திருக்கலாம். அவளுடைய ஒழுங்குதான் தவறாக இருக்கலாம். கருதுகோளுக்குப் பொருந்தாத நான்கு மாதிரிகளை, பொருந்தவில்லை என்ற காரணத்தாலேயே விலக்கினால், அது நேர்மையின் வடிவில் வரும் மோசடி. விலக்கினால் அவளுடைய முடிவு வலுப்பெறும் என்பது அந்த ஐயத்தை இன்னும் கூர்மையாக்கியது. தனக்கு நன்மை தரும் சந்தேகத்தைத்தான் ஆய்வாளர் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வேறு வழிகளில் சான்று தேடினாள். சீட்டுகளில் இடமும் நாளும் வழக்கமான திருத்தமான எழுத்தில் இருந்தன. வானிலைப் பதிவில் அம்மாதம் கனமழை என்பது மட்டும் தெரிந்தது. முதிர்ந்த காட்டின் இரண்டு இடங்களும் ஒரு காட்டாற்றின் அக்கரையில் இருப்பவை. அப்பகுதியில் 'ராவ்' என வழங்கும் அத்தகைய ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி கல்லும் மணலுமாகக் காய்ந்து கிடக்கும். மலையில் மழை கொட்டினால் சில நாழிகைக்குள் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். மாதம் முழுதும் கடக்க முடியாதிருந்ததா என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. எஞ்சியது ஒரே வழி: கேட்பது.

கேட்பதும் எளிதாக இல்லை. பொறியை வேறிடத்தில் வைத்தீர்களா என்று கேட்டால், அது குற்றச்சாட்டு. குற்றமற்றவராயின் அவர் புண்படுவார். மேலும், விடையைக் கேள்வியிலேயே வைத்துக் கொடுத்தால் கிடைக்கும் ஒப்புதலுக்கும் மதிப்பில்லை. பெண் வருந்துகிறாளே என்று அவர் ஆமென்று தலையசைத்துவிடவும் கூடும். ஒரு மாதம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜனவரி மாதத்தின் ஒரு பனிக் காலையில், இளங்காட்டுக் குப்பிகளை மாற்றிவிட்டு இருவரும் சுள்ளி மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, "சாச்சாஜி, ஜூலையில் நான் இல்லாதபோது எப்படி இருந்தது? முதலிலிருந்து சொல்லுங்களேன்" என்றாள்.

முதியவர் நெருப்பைக் கிளறிக்கொண்டே வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னார். முதற்சுற்றன்று ராவ் நிரம்பி ஓடியது. மூன்று நாள் தொடர்ந்து போய்ப் பார்த்தார். இடுப்பளவு நீரில் ஒருமுறை இறங்கி, கால் இடறி, திரும்பிவிட்டார். இரண்டாம் சுற்றிலும் அதே நிலை. ஆய்வகத்தில் உபரியாக இருந்த பொறியைக் கொண்டுவந்து, இக்கரையில் சாலையோரப் புல்வெளியில் கட்டினார். அங்கிருந்து எடுத்த குப்பிகளில் அக்கரையின் பெயரை எழுதினார். ஆகஸ்டு முதல் வாரத்தில் நீர் வடிந்து அக்கரை சேர்ந்தபோது, அங்கிருந்த குப்பிகளில் மழைநீர் புகுந்து எல்லாம் அழுகியிருந்தன. கொட்டிவிட்டுப் புதியன வைத்தார்.

"காட்டு ஈதானே, இக்கரையும் காடு, அக்கரையும் காடு என்று நினைத்தேன். ஒரு குப்பிகூடத் தவறக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனாய், பிட்டியா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகிற பிள்ளை திரும்பி வந்து வெறும் அலமாரியைப் பார்க்கக் கூடாதே என்றுதான்." பின்னர் தாழ்ந்த குரலில், "ஈயைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வெட்கமும் இருந்தது. சிறிது பெருமையும் இருந்தது.

அன்று மாலை அவர் சாலையோரப் புல்வெளியில் பொறிக்கம்பங்கள் நின்ற இடத்தைக் காட்டினார். கயிறு கட்டிய முளைகளில் இரண்டு இன்னும் பிடுங்கப்படாமல் இருந்தன.

மாணவி நெறியாளரிடம் சென்றாள். அவர் முழுவதும் கேட்டார். முதலில், இடைவெளிகளை மதிப்பிட்டு நிரப்பும் முறைகள் புள்ளியியலில் உண்டு, வெளிப்படையாகக் கூறிச் செய்தால் அதில் இழுக்கில்லை என்றார். அது உண்மையே. ஆனால் முதலாண்டின் ஜூலையைக் கொண்டு இரண்டாம் ஆண்டின் ஜூலையை நிரப்பினால், இரண்டு ஆண்டுகளும் ஒத்திருந்தன என்னும் முடிவு நிரப்பியவரின் கையிலிருந்தே பிறக்கும். அதை இருவருமே உணர்ந்தனர். அடுத்து நெறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: "அவர் ஒப்புக்கொள்ளாதிருந்தால் என்ன செய்திருப்பாய்?" அவள் வெகுநேரம் யோசித்து, "நான்கு எண்களும் அட்டவணையில் இருந்திருக்கும். என் ஐயம் அடிக்குறிப்பில் இருந்திருக்கும்" என்றாள். நெறியாளர் அதன்பின் நிரப்புவதைப் பற்றிப் பேசவில்லை.

எண்களை நீக்க ஒரு நொடி போதும். குறிப்பு எழுதத்தான் நாள்கள் ஆயின. முதல் வரைவில், உதவியாளர் மாதிரிகளைத் தவறான இடத்தில் எடுத்தார் என்று எழுதினாள். அது உண்மைதான், ஆயினும் படித்துப் பார்த்தபோது நாணம் மேலிட்டது. ஆய்வேடு நூலகத்தில் என்றென்றும் இருக்கும். அதில் அந்த முதியவருக்குரிய ஒரே இடம் இதுவா? இரண்டாம் வரைவில் எல்லாவற்றையும் செயப்பாட்டு வினையில் எழுதினாள். மாதிரிகள் பெறப்படவில்லை என்று முடித்தாள். அதில் யாருக்கும் இழுக்கில்லை, நடந்ததும் இல்லை.

அப்போதுதான் அவள் தன்னுடைய பங்கை எண்ணிப் பார்த்தாள். குப்பிக்கு இவ்வளவு என்று கூலி வகுத்தவள் அவள். ஆற்றில் மூன்று நாள் போய் நின்று திரும்பியவருக்கு அக்கணக்கில் ஒரு காசும் இல்லை; புல்வெளியில் எடுத்த குப்பிக்கு முழுக்கூலி. ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று சொன்னவளும் அவளே. போக முடியாவிட்டால் என்ன செய்வது என்பதை அவள் சொல்லவில்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதுவதும் ஒரு பதிவுதான், அதற்கும் மதிப்பு உண்டு என்பதை ஒன்றரை ஆண்டில் ஒருமுறையும் சொன்னதில்லை. அவள் அறிந்திருந்த வேறுபாடு, பொறியை மாற்றச் சென்ற கைகளுக்குக் கற்பிக்கப்படவில்லை. மேலிருந்து நிறைவான அட்டவணையைக் கேட்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு படிப்படியாக இறங்கி, மிகக் குறைந்த கூலி பெறும் ஒருவரை வெள்ளத்தின் முன் நிறுத்துகிறது. அங்கே அவர் செய்தது பொய் என்று பெயர் பெறும். அதற்குமுன் நிகழ்ந்தவற்றுக்குப் பெயரே இல்லை.

இறுதியில் ஏப்ரல் மாதத்தில் எழுதப்பட்ட குறிப்பு இது: 'இரண்டாம் ஆண்டு ஜூலையில் காட்டாற்று வெள்ளத்தால் முதிர்ந்த காட்டின் பொறிகளை அணுக இயலவில்லை. அவற்றுக்கு மாற்றாக இக்கரையில் எடுக்கப்பட்ட நான்கு மாதிரிகள், எடுத்தவரே இடத்தைத் தெரிவித்ததன்பேரில் இக்கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. இத்தகைய நிலையில் செய்யவேண்டியது குறித்து ஆய்வாளர் முன்னரே அறிவுறுத்தல் வழங்கியிருக்கவில்லை.' முதியவருக்கு அவள் அதை இந்தியில் படித்துக் காட்டினாள். கடைசி வாக்கியத்தை அவர் மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார்.

இழப்பு இல்லாமல் இல்லை. முதிர்ந்த காடு தாமதமாக விழிக்கிறது என்னும் முடிவு, ஜூலையைப் பொறுத்தவரை ஓராண்டுத் தரவில் மட்டுமே நிற்கிறது என்று ஆய்வேட்டில் எழுத வேண்டியதாயிற்று. ஆகஸ்டுக்குப் பிந்தைய வேறுபாடு இரண்டு ஆண்டுகளிலும் ஒத்திருந்தது. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இயலின் தலைப்பு வாக்கியம் மென்மையானது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த நான்கு கோடுகளைக் குறித்தே முதலில் கேட்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். ஓராண்டு முடிவை ஓராண்டு முடிவு என்றே எழுதியிருப்பதைச் சுட்டிவிட்டு அவர் அடுத்த பக்கத்துக்குச் சென்றார்.

அந்த நான்கு குப்பிகளும் எறியப்படவில்லை. குப்பிக்குள் இருந்த ஈக்கள் மெய்யானவை. ஜூலையில் ஒரு சாலையோரப் புல்வெளியில் நடமாடியவை. பிழை சீட்டில் மட்டுமே இருந்தது. பழைய சீட்டையும் உள்ளேயே விட்டு, புதிய சீட்டு ஒன்றை முதியவரே எழுதினார். பென்சிலால், அதே திருத்தமான எழுத்தில்: ராவின் இக்கரை, சாலையோரம், புல்வெளி. எவரேனும் ஒருநாள் சாலையோரப் புல்வெளிகளின் ஃபோரிட் ஈக்களை ஆராய்வாராயின், அவை அவருக்காக ஆய்வகத்தின் அலமாரியில் காத்திருக்கும்.

அதே இடங்களில் இப்போது வேறொரு மாணவர் பணியைத் தொடர்கிறார். கூலிக் கணக்கு குப்பிக்கு இவ்வளவு என்பதிலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று மாற்றப்பட்டது. அச்சிட்ட சீட்டுகளில் புதிய ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'செல்ல இயலவில்லை, காரணம்.' கடந்த ஜூலையில் முதியவர் கொண்டுவந்து கொடுத்த சீட்டுகளுள் இரண்டு குப்பியில்லாமல் தனியே வந்தன. இரண்டிலும் அந்த வரியின் எதிரே ஒரே விடை: தண்ணீர் மிகுதி. அன்றைய கூலி அன்றே வழங்கப்பட்டது.